விஜயதசமியும் விழிக்காத திரையும்

பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது. முன்பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

மானிட்டரின் தலையில், முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட செவ்வந்தி மாலை தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். இவ்வளவு அலங்காரத்தோடு உட்கார்ந்துகொண்டு கண்ணை மட்டும் திறக்க மாட்டேன் என்றது.

அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. என் இடுப்பில் இருந்த கயலின் முகமும் தெரிந்தது. அவள் விரலை நீட்டி, "பாப்பா" என்றாள். அன்று காலை எங்கள் கம்ப்யூட்டர் காட்டிய முதல் படம் அதுதான்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் ஒரு எழுத்தாவது திரையில் விழுந்தாக வேண்டும். ஏனென்றால் அன்றுதான் நான் வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கும் நாள்.

கயலுக்குத் தாய்ப்பால் மறக்கடித்ததைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த தோழி ஒருத்தி கேட்டாள்: "எல்லாத்துக்கும் இப்படிப் பயப்படுறவ எப்படிடி தனியா கிளாஸ் நடத்துற?" நியாயமான கேள்வி. பதில் அந்த வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறது.

ஒரு அறை, இரண்டு பேர்

எங்கள் வீடு நாகல் நகர்ப் பக்கம். தெருவைப் பார்த்து ஒரு முன் அறை, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் குடும்பம். அந்த முன் அறை ரொம்ப நாள் சும்மாதான் கிடந்தது. பழைய கட்டில், உடைந்த தொட்டில், துணி காயப்போடும் கொடி.

நான் கணிதம் படித்தவள். அதற்குப் பிறகு ஓராண்டு கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்தேன். கல்யாணமாகி, கயல் பிறந்து, அவள் நடக்கத் தொடங்கியதும் எனக்குள் ஓர் ஆசை முளைத்தது. முன் அறையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே. குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம், படித்ததும் வீணாகாது.

ஆசைதான் முளைத்ததே தவிர, நாள் முளைக்கவில்லை. சித்திரையில் தொடங்கலாம் என்றேன். அப்போது கயலுக்கு அம்மை போட்டது. ஆடியில் தொடங்கக் கூடாது என்றார்கள். ஆவணியில் எனக்கே பயம் வந்துவிட்டது. யாராவது ஒரு கேள்வி கேட்டு எனக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது? ராத்திரி படுத்துக்கொண்டு அந்தக் கேள்வியையும் நானே கேட்டு, பதில் தெரியாமல் நானே விழித்துக்கொண்டிருப்பேன்.

இதற்கு நடுவில் அதே அறைக்கு இன்னொருவர் வந்தார். என் மாமியாரின் அண்ணன். நத்தத்தில் புளி வியாபாரம். ஊரே அவரை நத்தத்து மாமா என்றதால் எனக்கும் அவர் நத்தத்து மாமாதான். அவர் புளி வைத்திருந்த கிட்டங்கியில் ஓடு உடைந்து ஒழுகத் தொடங்கியிருந்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மூட்டைகளை எங்கள் முன் அறையில் இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை கெட்டவர் இல்லை. நியாயம் பார்ப்பவர். அதனால்தான் அவரிடம் எனக்குப் பயம் அதிகம்.

"கூடப்பொறந்தவன் கேக்குறான், நான் எப்படி இல்லேங்கிறது? நீயும் வருசம் பூராவும் ஆரம்பிக்கிறேன், ஆரம்பிக்கிறேங்கிற. விஜயதசமி வரைக்கும் பாப்போம் மீனா. அன்னைக்கு ஆரம்பிச்சுட்டா ரூம்பு ஒனக்கு. இல்லைன்னா புளிக்கு."

விஜயதசமி அன்று சாயங்காலம் வந்து அறையைப் பார்ப்பதாக நத்தத்து மாமா சொல்லி அனுப்பினார். வரும்போதே கொஞ்சம் மூட்டையும் ஏற்றிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும். அவர் வெறும் வண்டியோடு எங்கும் போகிறவர் இல்லை.

மில்லுக்குப் போய்வந்த கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லாமல் போனால் அதற்குக் கோபம் வரும். பாகம் பாகமாக வாங்கி ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. மானிட்டரை என் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கயலைக் கொண்டுவந்தபோது எப்படி "மெதுவா, மெதுவா" என்று டிரைவரைப் படுத்தினேனோ, அப்படியே படுத்தினேன். எடையில் மட்டும் இது அவளைவிடப் பல மடங்கு.

என் பழைய பூனம் சேலையில் அதற்கு உறை தைத்தேன். முன் அறைக்குள் செருப்பு கூடாது என்று சட்டம் போட்டேன். நான் டிப்ளமா படித்த இடத்திலும் அப்படித்தான். ஏசி போட்ட அறை, வாசலில் செருப்புக் குவியல், உள்ளே கோயில் மாதிரி குளிரும் அமைதியும். கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு இன்றைக்கும் வெறுங்காலில் படும் சில்லென்ற தரைதான் நினைவுக்கு வருகிறது.

என் கணவர் செல்வத்துக்கு அது இன்னொரு மிஷின். அவர் வடமதுரை ரோட்டில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மில்லில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. மிஷின்களை நிறுத்தி, மூடிகளைக் கழற்றி, காற்றடித்துப் பஞ்செல்லாம் போக்கி, எண்ணெய் போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எண்ணெய்க் குப்பிக்குக்கூட உண்டு. ஒரு பாகத்தை விட்டுவிட்டால் வருடம் முழுக்க அதுதான் தகராறு பண்ணும் என்று அவர் செட்டில் எல்லோரும் நம்புவார்கள்.

பூஜைக்கு முந்தின நாள் அவர் கம்ப்யூட்டர் பெட்டியைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினார். மில்லில் காற்றடித்துக்கொண்டு வருகிறாராம். பஞ்சு பறக்கிற இடத்துக்கா என்று இழுத்தேன். "நூறு மிஷினுக்கு அடிக்கிறோம், இதுக்கு அடிக்க மாட்டமா" என்று போய்விட்டார்.

மறுநாள் அலங்காரமும் அவர் கையால்தான். நான் அடுப்படியில் கொண்டைக்கடலைச் சுண்டலோடு இருந்தேன். எட்டிப் பார்த்தபோது வீட்டில் இருக்கிற எல்லாமே பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அரிவாள்மனை, தையல் மிஷின், அவருடைய டூல்ஸ் பெட்டி, நடுவில் கம்ப்யூட்டர். மனசு நிறைந்துபோயிற்று. சுண்டலில் உப்பு சரியா என்று மட்டும்தான் அன்று கவலைப்பட்டேன்.

ஸ்குரூ டிரைவர் பூஜையில் இருக்கிறது

விஜயதசமி அன்று விடிந்ததும் மறுபூஜை போட்டுவிட்டு அவர் மில்லுக்குக் கிளம்பினார். நிறுத்தி வைத்த மிஷின்களை எலுமிச்சம்பழம் வெட்டி மறுபடி ஓட்டிவிட வேண்டும். மானிட்டரை மேசையிலும் பெட்டியை அதன் கீழே தரையிலும் வைத்து, வயர்களைச் செருகிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நான் குளித்து, கோலம் போட்டு, கயலுக்குச் சோறூட்டி, பாய் விரித்து, பொத்தானை அமுக்கினேன். மேலே சொன்ன கறுப்பு அப்போதுதான் வந்தது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். சரியாக அமுக்கவில்லையோ? அணைத்துவிட்டு மறுபடி அமுக்கினேன். அதே காற்றாடி, அதே பச்சை விளக்கு, அதே கறுப்பு. மானிட்டரின் வெளிச்சத் திருகைத் திருகிப் பார்த்தேன். பின்னால் போகும் வயரைக் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்து, மறுபடி மாட்டி இறுக்கினேன். ஒன்றும் இல்லை.

கடைக்காரர் பாபுவுக்குப் போன் போட்டேன். எங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தவர் அவர். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம்.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு யாருங்க கடை தொறக்கறாங்க? ஸ்குரூ டிரைவரெல்லாம் பூஜையில வெச்சிருக்குதுங்க. நான் ஊர்ல இருக்கறனுங்க. பொழுது எறங்கி வந்து பாக்கட்டுங்களா?"

பொழுது இறங்கினால் புளியும் இறங்கிவிடும். அவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. சரி என்று போனை வைத்தேன்.

அத்தை அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அழுதிருப்பேன், ஒரு வேலை முடிந்திருக்கும்.

பெட்டியின் அழுகை

பயந்த மனதுக்கும் ஒரு உபயோகம் உண்டு. அது எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிடாது. நான் மானிட்டர் வயரை மறுபடியும் கழற்றினேன். கழற்றியதும் கறுப்புத் திரையில் சின்னதாக ஒரு கட்டம் தோன்றி, வயர் மாட்டவில்லை என்று இங்கிலீஷில் சொல்லிற்று.

அப்படியானால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. பேசவும் செய்கிறது. அதற்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான். கோளாறு பெட்டிக்குள்.

அடுத்து இன்னொன்று நினைவுக்கு வந்தது. தினமும் பொத்தானை அமுக்கியதும் பெட்டி ஒரு தடவை "பிப்" என்று சின்னதாகக் கூவும். இன்று கூவிற்றா? தெரியவில்லை. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கியில் விடியற்காலையிலிருந்து பக்திப் பாட்டு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே அதிர்ந்துகொண்டிருந்தது.

தரையில் மண்டியிட்டு, பெட்டியோடு காதை ஒட்டினேன். சளி பிடித்த நாட்களில் கயலின் முதுகில் காதை வைத்துக் கேட்பேனே, அதே மாதிரி. அமுக்கினேன். பாட்டுக்கு அடியில், காற்றாடிக்கு அடியில், நீளமாக ஒரு சத்தம். நின்றது. மறுபடி நீளமாக. நின்றது. மறுபடி.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

டிப்ளமா வகுப்பில் வரிசையின் கடைசியில் ஒரு மிஷின் இருந்தது. தாமதமாக வருகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும். எங்கள் ஊர் பஸ்ஸில் வந்த எனக்குத் தினமும் அதுதான். வாரத்தில் பாதி நாள் அது இப்படித்தான் நீளமாக அழும். பெட்டியைத் திறந்து, மெமரி அட்டையை எடுத்துத் துடைத்து அழுத்தி வைத்தால் அடங்கிவிடும். மற்ற தோழிகள் நல்ல மிஷின்களில் நல்ல பிள்ளைகளாக டைப் அடித்தபோது, நான் அந்தக் கடைசி மிஷினைத் தூங்க வைத்தும் எழுப்பியும் பொழுதைக் கழித்தேன். அப்போது எவ்வளவு அழுதிருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று.

பசிக்கு அழுவதும் தூக்கத்துக்கு அழுவதும் பெற்றவளுக்கு வேறு வேறாகக் கேட்கும். இது மெமரிக்கு அழுகிற அழுகை.

உள்ளே பார்த்தால்

அந்த நேரம் ரோசலி டீச்சர் வந்தார். அடுத்த தெரு. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் முதல் மாணவி அவர்தான். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, பிள்ளைகளுக்கு முன்னால் முழிக்கக் கூடாது என்று சேர்ந்திருந்தார். வியாகுல மாதா கோயில் திருப்பலி முடிந்து நேராக வந்திருக்கிறார். தலையில் முக்காடு இன்னும் இறங்கவில்லை.

"என்ன மீனா, கருப்பா இருக்கு?"

"சரியாயிரும் டீச்சர்" என்றேன். அப்படிச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம்.

கயலை அவர் மடியில் கொடுத்தேன். மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கியாயிற்றா என்று மறுபடி பார்த்தேன். ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தைப் போக்கிக்கொண்டேன். எங்கள் வீட்டு ஸ்குரூ டிரைவருக்கு மறுபூஜை முடிந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

தகட்டை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே குனிந்து பார்த்தேன்.

பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் பொட்டு. காற்றாடியின் நடுவில் பொட்டு. கரண்ட் பெட்டிக்குப் பொட்டு. ஒவ்வொரு அட்டைக்கும், வயர்க் கொத்துக்கும்கூடச் சந்தனம் இட்டு, நடுவில் அளவாகக் குங்குமம். மில்லில் வைக்கிற அதே ஒழுங்கு. ஒரு பாகத்தையும் விடவில்லை. என் வகுப்பு நன்றாக ஓட வேண்டும் என்று அந்த மனிதர், நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து வைத்திருக்கிறார்.

மெமரி அட்டைக்கும் வைத்திருந்தார். நிமிர்ந்து நிற்கும் சின்னப் பச்சை அட்டை அது. அதன் தலையில் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம். அது இரவெல்லாம் மெதுவாக வழிந்து, அட்டையின் பாதம் பதிந்திருக்கும் பள்ளத்துக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். ரோசலி டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "இம்புட்டு அழகா யாரு வச்சா" என்றார்.

இடம் மாறிய பொட்டு

கோளாறு தெரிந்துவிட்டது. துடைக்க வேண்டியதுதான். பாவாடை நுனியில் கிழித்த பழைய துணியோடு கையைக் கொண்டு போனேன். கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

வெள்ளிக்கிழமை, விஜயதசமி. கணவர் கையால் வைத்த குங்குமம். அதை நான் என் கையால் அழிப்பதா? படித்தவள்தான். டிப்ளமாவெல்லாம் முடித்தவள்தான். ஆனாலும் கை போகவில்லை. அவர் மிஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிற நேரம் வேறு.

"அழிக்காத."

அத்தையின் குரல். அடுப்படியிலிருந்து முன் அறை நிலைப்படி வரை வந்திருந்தார். அதைத் தாண்டவில்லை.

மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர். அதிலிருந்து அத்தை எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நிற்பதில்லை. யாரும் சொல்வதற்குள் தானாகவே அடுப்படிக்குள் போய்விடுவார். என் வளைகாப்பில்கூட வடை சுட்டுக்கொண்டிருந்தார். பொட்டை அழிப்பது என்றால் என்ன என்று அந்த வீட்டில் அவருக்குத்தான் தெரியும்.

"அழிக்காட்டி இது எந்திரிக்காது அத்தை" என்றேன்.

அத்தை யோசித்தார். வாசல் பக்கம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அழிக்க வேணாம். எடுத்து வேற எடத்துல வச்சுரு. அழிச்சாத்தான் அழிச்சது. எடம் மாத்துனா மாத்துனதுதான்."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்னால் வேலையை முடித்திருக்க முடியாது.

இரண்டு பக்கக் கொக்கிகளையும் அழுத்தினேன். அட்டை எழும்பி வந்தது. அதன் தலையில் இருந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டு விரலில் எடுத்தேன். கொஞ்சம் குங்குமமும் கூடவே வந்தது. ரோசலி டீச்சர் மடியில் இருந்த கயல் நெற்றியைக் காட்டினாள். வைத்தேன். அவள் கண்ணை மூடித் திறந்து, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அட்டையின் அடி ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள் வரிசையாக இருக்கும். அங்கே காய்ந்த சந்தனம் துணிக்கு வரவில்லை. ரப்பர் வேண்டும். கடைசி மிஷினுக்கு நாங்கள் ரப்பர்தான் போடுவோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இல்லாத வீட்டில் ரப்பருக்கு எங்கே போவது?

ரோசலி டீச்சர் கைப்பையைத் திறந்தார். "எங் கிளாஸ்ல ஒரு பய இதை மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருந்தான். புடுங்கி வச்சிருந்தேன்." ஆரஞ்சுப் பழ வாசம் அடிக்கும் ரப்பர். வாங்கித் தேய்த்தேன். பற்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சென்று வந்தன. அறையெல்லாம் சந்தனமும் ஆரஞ்சுமாக ஒரு வாசம். இன்றும் கடையில் அந்த ரப்பரைப் பார்த்தால் வாங்கிவிடுகிறேன்.

அட்டையைப் பழைய இடத்திலேயே அழுத்தி வைத்தேன். வயரைச் செருகி, பொத்தானை அமுக்கி, காதை வைத்தேன்.

நீளமான அழுகை.

ரோசலி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதான் நான். இவ்வளவு தூரம் வந்து, இங்கே நிற்கிறவள். புளி மூட்டை அடுக்கிய அறை கண்ணுக்குள் வந்தது. அந்தப் புளிப்பு வாடைகூட மூக்கில் ஏறியது.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் அட்டை நிற்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பள்ளம் தெரிந்தது. காலியாக. அட்டை இல்லாத இடம் என்பதால் அவர் அங்கே மட்டும் பொட்டு வைக்கவில்லை. வீடு முழுக்கப் பொட்டு இல்லாத ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

வயரைப் பிடுங்கினேன். பிடுங்கியாயிற்றா என்று இந்தத் தடவை இரண்டாவது முறை பார்க்கவில்லை. அட்டையைப் பக்கத்துப் பள்ளத்துக்கு மாற்றினேன். "டக்" என்று கொக்கிகள் தாமாக ஏறின.

வயரைச் செருகிவிட்டுப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டேன். பொத்தானுக்குக் கை எட்டவில்லை. டீச்சர் மடியில் கயல்.

"அத்தை, அந்தப் பொத்தானை அமுக்குங்க."

"நானா?"

"பக்கத்துல நீங்கதான் இருக்கீங்க."

பக்கத்தில் இருந்தார் என்பதற்காக மட்டும்தான் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காதைக் கொஞ்சம் எடுத்திருந்தால் என் கையே எட்டியிருக்கும்.

அத்தை நகரவில்லை. ரோசலி டீச்சர்தான் சொன்னார். "வாங்கக்கா. நல்ல நேரம் முடியப் போகுது."

அத்தை நிலைப்படியைத் தாண்டினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். மாலை போட்ட மானிட்டரை ஒரு தடவை பார்த்தார். ஆள்காட்டி விரலால் அமுக்கிவிட்டு, தோசைக்கல்லைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"பிப்."

சின்னதாக, ஒரே ஒரு தடவை.

பிறகு திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நான் தரையில் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. கயல் கைதட்டிய பிறகுதான் எழுந்து பார்த்தேன். நீலம் வந்தது. பச்சைப் புல்வெளி வந்தது. செவ்வந்தி மாலைக்குக் கீழே அந்தப் பச்சை அப்படி ஒரு பச்சையாக இருந்தது.

ரோசலி டீச்சர் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். பாதி அடித்து நிமிர்ந்து, "மீனா, இது எங்கிட்டு இருக்கு?" என்று ஒரு எழுத்தைக் கேட்டார். என் வகுப்பின் முதல் கேள்வி. பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

செருப்புகள்

மத்தியானம் என் கணவர் மில்லிலிருந்து பொரியும் கடலையுமாக வந்தார். கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ளயும் பொட்டு வச்சேன் மீனா, ஒன்னு விடாம. அதான் கோளாறு இல்லாம ஓடுது, பாத்தியா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை பொரியைப் புடைக்கிற மும்முரத்தில் இருந்தார்.

"ஆமாய்யா, ஒம் பொட்டுதான்" என்றார் அத்தை, முறத்திலிருந்து தலை தூக்காமல். அடுத்த வருடத்திலிருந்து உள்ளே வைக்கும் பொட்டுகளை நானே வைத்துவிடுகிறேன் என்று மட்டும் நான் சொன்னேன். இந்தப் பத்தியை என் கணவர் படிக்கும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது.

சாயங்காலம் பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். வாசலில் அவர்கள் செருப்பு. காலையிலேயே வந்துவிட்டு, மறுபடியும் வந்திருந்த ரோசலி டீச்சரின் செருப்பும். உள்ளே நான் மவுஸைக் கையில் எடுத்து, இதற்கு ஏன் எலி என்று பெயர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. நத்தத்து மாமா. நான் நினைத்தபடியே வெறும் வண்டி இல்லை. சாக்கு நெடி அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. செருப்புக்கால் படியில் ஏறும் சத்தம் கேட்டது. எனக்கு வார்த்தை தடுமாறியது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்திருப்பதற்குள் அத்தை வந்துவிட்டார். அடுப்படி வழியாகச் சுற்றி வரவில்லை. அறைக்கு நடுவே, பிள்ளைகளைத் தாண்டி, நேராக நடந்து போய் வாசலில் நின்றார். அவ்வளவு முன்னால் அவர் நின்று நான் பார்த்ததில்லை.

"வாண்ணே. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் பின்பக்கமா வா, காப்பி போட்டுத் தாரேன்" என்றார். "முன் ரூம்புல கிளாஸ் நடக்குது."